சகலையின் சமுத்திரம்

கல்யாணப் பந்தியில் என் சகலைக்குப் பக்கத்து இலையில் உட்காராதீர்கள். ரசம் வந்ததும் தொடங்கிவிடுவார். "அண்ணே, டம்ளர்ல அரையடி ரசம், அண்டாவுலயும் அரையடி ரசம். அடியில அழுத்தம் எதுல ஜாஸ்தி?" அண்டாவில் என்று வெகுளியாகச் சொல்லிவிட்டால் தொலைந்தீர்கள். பாயசம் வந்து, ஆறி, ஆடை கட்டும்வரை விளக்குவார். எவ்வளவு தண்ணீர் என்பது பேச்சே இல்லையாம், எவ்வளவு உயரம் என்பதுதான் பேச்சாம். ஆறடி நீளத் தொட்டியானாலும் அறுபதடி நீளத் தொட்டியானாலும், உயரம் இரண்டரை அடி என்றால் அடியில் அழுத்தம் ஒன்றேதான். அவர் சொல்வது உண்மைதான். என் அப்பளம் நமத்துப் போனதும் உண்மைதான்.

மீன் வளர்ப்பவர் வேறு, தொட்டி கட்டுபவர் வேறு. முன்னவர் ஞாயிற்றுக்கிழமை கொளத்தூருக்குப் போய், பாலிதீன் பையில் நாலு மீனோடு திரும்பி வந்து, மத்தியானம் தூங்குவார். பின்னவரும் கொளத்தூருக்குத்தான் போவார். கடைக்காரர் மீனைக் காட்டும்போது இவர் தொட்டியின் மூலையை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "சிலிகான் ஏன் இங்க மட்டும் மெலிசா இருக்கு?" என்பார். "மீன் வேணுமா சார்?" என்று கேட்டால், "அது கிடக்கட்டும்."

சகலை இரண்டாம் ரகம். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம் என்று முடிவு செய்தார். ஏறக்குறைய 1,060 லிட்டர். "கடையில சொல்ற விலையில பாதிக்கு நானே கட்டிடுவேன்" என்றார். இந்தப் 'பாதி' எத்தனையோ குடும்பங்களைப் பாதித்திருக்கிறது. மீதிப் பாதிக்கு ரவுட்டர் மெஷின் வந்தது. கிளாம்ப் ஒரு டஜன் வந்தது. ரசமட்டம் நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. கருவிகளை அவர் செலவில் சேர்க்க மாட்டார். "அது வீட்ல என்னைக்கும் கிடக்கும்." கிடக்கிறது. சோபாவில்தான் கிடக்கிறது.

அக்ரிலிக் ஷீட் வாங்க, பெயர்ப்பலகை செய்யும் கடைக்கு என்னையும் இழுத்துப் போனார். 'காஸ்ட்' ஷீட்டா, 'எக்ஸ்ட்ரூடட்' ஷீட்டா என்று விசாரணை நடந்தது. அச்சில் ஊற்றி வார்த்ததுதான் ஒட்டுக்கு நிற்கும், இயந்திரத்தில் தள்ளி இழுத்தது நாளடைவில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விடும் என்பது அவர் கட்சி. கடைக்காரர் பொறுமைசாலி. "எதுல வேணா எழுதலாம் சார், என்ன பேரு போடணும்?" என்றார்.

ஒட்டு வைத்த நாளை நான் மறக்க மாட்டேன், மறக்க விடவும் மாட்டார். அக்ரிலிக்கைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. தண்ணீர் மாதிரி ஒரு திரவம், குளோரோஃபார்மேதான். விளிம்பில் விட்டால் இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து, தான் ஆவியாகிப் போய்விடும். பலகை இரண்டும் ஒரே உடம்பாகிவிடும். "இது ஒட்டு இல்லண்ணே, கல்யாணம்" என்றார். மாமியார் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சினிமாவுல வில்லன் கைக்குட்டையில ஊத்துவானே, அதுவா மாப்ளே?" என்றார். அதுவேதான். அவருடைய இன்சுலின் சிரிஞ்சு இரண்டு காணாமல் போயிருந்ததை அப்போது அவர் கவனிக்கவில்லை.

சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். ஃபேன் ஓடக் கூடாது, ஓடினால் திரவம் வேலை முடிவதற்குள் பறந்துவிடும். அது மே மாதம். பலகைக்கடியில் வரிசையாகக் குண்டூசி சொருகி, அந்த மயிரிழை இடைவெளியில் சிரிஞ்சால் திரவத்தை ஓட விட்டார். நுனியில் தொட்டால் போதும், அதுவாகவே மறுகோடிவரை ஓடுகிறது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அரை நிமிடம் ஊறியதும் எல்லா ஊசியையும் ஒரே சமயத்தில் உருவ வேண்டும். இடப்பக்கம் நான், வலப்பக்கம் என் மச்சினி, எண்ணுவதற்கு அவர்கள் பையன். இருபத்தெட்டு என்று பையன் சொல்லும்போது காலிங் பெல் அடித்தது. நான் திரும்பினேன்.

அவ்வளவுதான் என் குற்றம்.

ஸ்டாண்டுக்கு இரண்டு அங்குல ஸ்கொயர் பைப்பை வெல்டிங் செய்து, மேலே பிளைவுட் போட்டார். நாலு கால்களுக்கும் ரசமட்டம் பார்க்க மூன்று நாள். என்ன பார்த்து என்ன? தொட்டியில் தண்ணீர் ஏறினால் அதைவிடப் பெரிய ரசமட்டம் உலகத்தில் இல்லை. ஒரு கோடி ஒரு நூல் தாழ்ந்திருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதைவிடப் பெரிய கவலை தரை. வீட்டுத் தளங்களுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்றுதான் பொதுவாகக் கணக்குப் போடுவார்கள். சகலையின் தண்ணீர் மட்டுமே சதுர மீட்டருக்கு 760 கிலோ. "சுவரோரமா பீம் மேலதாண்ணே வைக்கிறேன், ஒண்ணும் ஆகாது" என்றார். ஒன்றும் ஆகவில்லை, கீழ்வீட்டுக்காரர் மட்டும் கட்டிலை அடுத்த அறைக்கு மாற்றிக்கொண்டார்.

மச்சினியிடம் ஓர் ஆயுதம் இருந்தது. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பெர்லின் ஓட்டல் ஒன்றில், பத்து லட்சம் லிட்டர் அக்ரிலிக் தொட்டி வெடித்து வீதிவரை வெள்ளம் போனதே, ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு மீன்கள், அந்த வீடியோ. அதைப் போட்டுக் காட்டினாள். சகலை மூன்று முறை உன்னிப்பாகப் பார்த்தார். "அது உருளைடி. நம்மளுது செவ்வகம்" என்றார்.

தண்ணீர் நிரப்பியாயிற்று. மீன் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் இல்லை. வந்தவர்கள் எல்லாம் ஆறடித் தண்ணீரைக் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். தொட வந்தால் மோதிரத்தைக் கழற்றச் சொல்வார், கீறல் விழுமாம்.

"மீன் எங்க மாப்ளே?"

"மீன் கழிவுல அமோனியா வரும் அத்தை. அதைத் தின்னு மாத்தற பாக்டீரியா முதல்ல வளரணும். இப்ப பாக்டீரியாதான் வளர்க்கறேன்."

"அதுக்கு எதுக்குய்யா இவ்ளோ செலவு? நேத்து ராத்திரிப் பாத்திரம் இன்னும் கழுவாமத்தான் கிடக்கு."

போன வாரம் மீன் வந்துவிட்டது என்று கூப்பிட்டார். குடும்பத்தோடு போனோம். ஆயிரம் லிட்டரில் ஆறு நியான் டெட்ரா. விரல் நகம் நீளம்கூட இல்லாதவை. மாமியார் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு தேடினார். பையன் மட்டும் மூன்றைக் கண்டுபிடித்தான்.

சகலை என்னைத் தனியாக இடப்பக்க மூலைக்கு அழைத்துப் போனார். ஹால் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்தார். ஒட்டுக்குள்ளே கடுகளவில் ஒரு காற்றுக் குமிழி.

"தெரியுதாண்ணே? இருபத்தெட்டாவது செகண்டு."

அந்த நேரம் பார்த்து, வெளிச்சத்தைத் தேடி ஒரு டெட்ரா நீலமும் சிவப்புமாய் மின்னிக்கொண்டு குமிழிக்கு முன்னால் வந்து நின்றது. சகலை அக்ரிலிக்கின் மேல் விரலால் தட்டினார்.

"நகரு, நகரு. மறைக்குது பாரு."