உடும்பும் பல்லியும்: ஆணி அடிக்கக் கூடாத வீடுகளில் பசையின் இயல்பு

ஆணியில்லாப் பசை என்பது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொன்ன மறுநாள் குடித்தனக்காரர் வாங்கிவரும் பொருள். குழாய் வடிவ ட்யூபில் அடைத்திருக்கும். இரும்புத் துப்பாக்கியில் மாட்டி அழுத்தினால் பற்பசைபோல் வெளிவரும். மரம், கல், கண்ணாடி, டைல்ஸ், அலுமினியம் என எதையும் எதனோடும் சேர்க்கும் என்பது உறையின் வாக்கு. ஹார்டுவேர் கடைகளில் இதற்கு இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. 'கன்ல போடுற கம்' என்று கேட்பது உத்தமம். 'சிலிக்கான்' என்று கேட்டால் சிலிக்கானே கிடைத்துவிடும். அது சந்து அடைப்பதற்கானது. அதில் ஒரு வகை காடி நாற்றமும் அடிக்கும்.

இதன் தனிக்குணம், வைத்த நொடியிலேயே பொருளைக் கீழே விடாமல் தாங்குவது. தமிழில் இதற்கு முன்பே பெயர் உண்டு: உடும்புப்பிடி. ஆனால் பிடி வேறு, ஒட்டு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே வீட்டு விபத்துகளில் ஒரு பகுதிக்குக் காரணம். 1959-இல் வந்த ஃபெவிகால் அருமையாக ஒட்டும், ஆனால் பிடிக்காது. அது காயும்வரை ஆசாரி கிளாம்ப் போட்டு இறுக்கி வைப்பார். உடனடிப் பசையோ பிடித்தலையும் ஒட்டுதலையும் ஒரே நொடியில் முடித்துவிடும். படம் கோணலானால் கோணல்தான். 1942-இல் கோடாக் நிறுவனத்தின் ஹாரி கூவர், தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறதென்று உடனடிப் பசையின் வேதிப்பொருளை முதலில் ஒதுக்கிவைத்தார். ஆணியில்லாப் பசை இரண்டுக்கும் நடுவே நிற்பது. உடனே பிடிக்கும், மெதுவாக ஒட்டும், இடையில் சில நிமிடம் நகர்த்திக்கொள்ள அனுமதிக்கும்.

முன்னோர் இத்துறையை அறியாதவர் அல்லர். ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் வஜ்ரலேபம் குறித்து ஓர் அத்தியாயமே எழுதினார். விளாங்காய், இலவம்பூ முதலியவற்றை எட்டில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சி, பிசின்கள் சேர்த்து, கோயிலிலும் சிலையிலும் பூசச் சொல்கிறார். தச்சர்களின் தோல்பசைக்குத் தமிழில் வச்சிரம் என்ற பெயர் உண்டு. (மீன்கடை வஞ்சிரம் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.) இன்றைய உயர்வகைப் பசைகள் பலவற்றின் அடிப்படை, 1970களின் இறுதியில் ஜப்பானின் கனேகா நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த ஒரு பாலிமர்.

இவ்வகைப் பசையில் பிடியைத் தருவது வேதியியல் அல்ல, கெட்டித்தன்மை. பசையில் சுண்ணாம்புக்கல் மாவு நிறையக் கலந்திருக்கும். துப்பாக்கி அழுத்தும்போது இளகும். அழுத்தம் நின்றதும் இறுகிக்கொள்ளும். ஒட்டைத் தருவதோ காற்றின் ஈரம். ஈரம் வெளியிலிருந்து உள்ளே போக, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மி.மீ. ஆழம் கெட்டிப்படும். ஈரத்துக்குச் சென்னையில் பஞ்சமில்லை; பஞ்சம் பொறுமைக்கே. ஒட்டிய 10-ஆவது நிமிடத்தில் 'பிடிச்சிருச்சா?' என்று இழுத்துப் பார்க்காத வீடு அரிது.

இதனால்தான் பசையைத் தோசைமாவுபோல் பரப்பித் தேய்க்கக் கூடாது. இரண்டு கிரானைட் பலகைகளுக்கு நடுவே தேய்த்தால் ஓரம் மட்டும் காயும். நடுப்பகுதி வாரக்கணக்கில் களியாகவே கிடக்கும். ட்யூபின் மூக்கை ஆப்பு வடிவில் வெட்டி, மேலிருந்து கீழாகக் கோடு கோடாக, இடைவெளி விட்டு இட வேண்டும். சந்துகளில் காற்று புகும். பிறகு அழுத்தும்போதும் 2 அல்லது 3 மி.மீ. கனம் எஞ்சியிருக்க வேண்டும். 3 மீட்டர் அலுமினியப் பட்டை 30 பாகை வெப்ப ஏற்றத்தில் சுமார் 2 மி.மீ. நீளும், அதே நீளக் கண்ணாடி 1 மி.மீ. கூட நீளாது. இரண்டையும் சேர்த்து வைத்த பசை, நடுவில் நின்று ரப்பர்போல் விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

பொருள்களை இரண்டு சாதியாகப் பிரிக்கலாம். செங்கல், சிமெண்ட், மரம் ஆகியவை உடும்புச் சாதி. பசை அவற்றின் துளைகளுக்குள் இறங்கி நகம் ஊன்றுகிறது. கண்ணாடி, டைல்ஸ், உலோகம் பல்லிச் சாதி. பல்லியின் பாதத்தில் பிசின் இல்லை. நுண்மயிர்களுக்கும் சுவருக்கும் இடையிலான மூலக்கூற்று ஈர்ப்பே அதைத் தாங்குகிறது. வழவழப்பான பரப்பில் பசையும் பெரிதும் அந்த ஈர்ப்பையே நம்புகிறது. தாளிப்பு எண்ணெய் படிந்த அடுப்படி டைல்ஸில் கொக்கி விழுவது இதனால்தான். பசை எண்ணெயோடு ஒட்டியது, எண்ணெய் டைல்ஸோடு ஒட்டவில்லை.

எதிலும் சேராதது பிளாஸ்டிக் குடம். பாலித்தீன் எந்தப் பசையையும் எளிதில் ஏற்காது. அந்தப் பண்பினால்தான் பசையை அடைக்கும் ட்யூபையே அதில் செய்கிறார்கள். கரைப்பான் கலந்த பசை தெர்மாகோலைத் தின்றுவிடும் என்பதைக் கொலு அலங்காரம் செய்வோர் அறிவர், பெரும்பாலும் முதல் படி முடிந்த பிறகு.

டிஸ்டெம்பர் அடித்த சுவர் தனி இயல். அங்கே பசை டிஸ்டெம்பரை விடாது. டிஸ்டெம்பர்தான் சுவரை விட்டுவிடும். இரவு 2 மணிக்குக் கண்ணாடி விழுந்த ஓசைக்கு எழுந்துவரும் குடும்பத்தார் 'பசை சரியில்லை' என்று தீர்ப்பளிப்பர். கீழே கிடப்பதன் முதுகைத் திருப்பிப் பார்த்தால் பசையும், பசைமேல் சுவரின் நிறமும் ஒழுங்காக ஒட்டியிருக்கும்.

வீடு காலி செய்யும் நாளில் பிரச்சினை தலைகீழாகிறது. பூச்சு உறுதியான சுவரில் நன்றாக ஒட்டியதை இழுத்தால் பசை அறாது, காரையே பெயரும். ஆணி அடித்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய 3 மி.மீ. துளைக்குப் பதிலாக உள்ளங்கை அகலத்துக்குச் செங்கல் தெரியும். மெல்லிய கம்பியையோ தூண்டில் நரம்பையோ பின்னால் விட்டு ரம்பம்போல் அறுப்பதே முறையான வழி. அட்வான்ஸ் தொகையின் கதி இதில் அடங்கியுள்ளது.

மிச்சப் பசையைப் பாதுகாப்பதில் மட்டும் கருத்து வேறுபாடில்லை. மூடி தொலைந்திருக்கும் என்பதால் ட்யூபின் மூக்கில் ஓர் இரண்டு அங்குல ஆணியைச் செருகி அலமாரியின்மேல் வைப்பர். ஆறு மாதம் கழித்து அந்த ஆணியை இழுத்தால் வராது.