பளபள ஷீட்டும் பாதி உண்மையும்

கேள்வி: மொட்டை மாடிக்குப் பளபளவென்று ஷீட் போட்டேன். “வெயிலை அப்படியே திருப்பி அனுப்பிடும்” என்றார் கடைக்காரர். மத்தியானம் அதன் கீழே நிற்க முடியவில்லையே?
- வாசகர், தக்கலை

பதில்: அவர் பொய் சொல்லவில்லை, பாதியோடு நிறுத்திக்கொண்டார். வெறும் உலோகம் வெயிலில் பெரும்பங்கைத் திருப்பத்தான் செய்யும். ஆனால் ஏறிய மிச்சச் சூட்டை வெளியே விடுவதில் மகா கஞ்சன்! வெள்ளைப் பூச்சு அப்படியல்ல. புதிதில் வெயிலில் 70-80 சதவீதத்தைத் திருப்பும். ஏறிய சூட்டையும் வானத்துக்கே தாராளமாக விட்டுவிடும். எனவே ஷீட்டைப் பிரிக்க வேண்டாம், மேலே வெள்ளை ‘கூல் ரூஃப்’ பெயிண்ட் அடியுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை; பாசி படிந்தால் வெள்ளை வேலை செய்யாது, கழுவிவிட வேண்டும். தெலங்கானா 2023-இல் ‘கூல் ரூஃபு’க்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. உங்கள் ஊர்ப் பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனையோ கொள்கை எதுவும் இல்லாமலே ஓடு, சரிவு, காற்று நுழையும் மரச்சட்டங்கள் என்று சமாளித்துவிட்டது. நேரில் போய்ப் பாருங்கள். சந்தேகம் வந்தால் கேட்பதுதான் சிரமம்: அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரள அரசிடம்!