குடவோலை இன்க்ரிமென்ட்

விற்பனைப் பிரிவில் ஒரு அண்ணாச்சி இருப்பார். மார்கழிக் குளிரில் மோர் விற்றுவிட்டு வரக்கூடியவர். நிறுவனம் அவருக்கு என்ன மரியாதை செய்யும்? சந்தையிலிருந்து தூக்கி வந்து, ஏசி அறையில் உட்காரவைத்து, மேலாளர் ஆக்கும். மறுநாள் முதல் மோரும் விற்காது. கீழே இருக்கும் பத்துப் பேருக்கும் அவர் கேட்கிற எக்செல் தாளை நிரப்பவே பொழுது சரியாகப் போகும்.

ஒவ்வொருவரும் தமக்குக் கைவராத வேலை வந்து சேரும்வரை உயர்ந்துகொண்டே போவார், பிறகு அங்கேயே தங்கிவிடுவார் என்று 1969-லேயே லாரன்ஸ் பீட்டர் கேலியாக எழுதினார். மனிதவளத் துறை அதைக் கையேடாக எடுத்துக்கொண்டதுபோலத் தெரிகிறது. அமெரிக்க விற்பனையாளர்களைப் பற்றி 2019-ல் வந்த ஆய்வு ஒன்றிலும் அதே கதைதான்: அதிகம் விற்றவருக்கே பதவி உயர்வு, அவருக்குக் கீழே இருப்பவர்களின் விற்பனைக்கோ இறங்குமுகம்.

இத்தாலியின் கதானியா பல்கலைக்கழகத்தார் மூவர் கணக்குப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது உயர்த்தினாலே நிறுவனம் உருப்படும் என்றார்கள். 2010-ல் இக் நோபல் பரிசு கொடுத்து உலகம் சிரித்தது.

உத்திரமேரூர்க்காரர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். பராந்தக சோழன் காலத்திலேயே ஊர் வாரியத்துக்கு ஆள் தேர, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னவர்கள். அதுவும் நிலம், வீடு, வயது, படிப்பு எல்லாம் பார்த்த பிறகுதான் பெயர் குடத்துக்குள் போகும். ஒருமுறை வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு அந்தக் குடத்தின் பக்கமே வர முடியாது.