படுவான்கரையில் உதித்தது

களுவாஞ்சிக்குடியில் இருப்பவனுக்குத் திசைகாட்டி தேவையில்லை. கடல் பக்கம் எழுவான்கரை, வாவிக்கு அப்பால் படுவான்கரை. சூரியன் எங்கே எழும், எங்கே படும் என்பதை ஊர்ப்பேரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு மட்டும் இதை யாரும் சொல்லவில்லை. மண்டூர்ப் பக்கம் எழும்பி, நம் தலைக்கு மேலால் கடலுக்குப் போகிறது.

எனக்கு இந்த வானம் பார்க்கும் பைத்தியத்தைத் தொடக்கிவைத்தது இராவணா-1. 2019 ஜூன் 17 அன்று அந்த நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்ட, நம் நாட்டின் முதல் செய்மதி. நாடே பெருமைப்பட்டது, நான் படம் எடுக்க வெளிக்கிட்டேன். இரண்டு றாத்தல் பாணைவிடக் கொஞ்சம் பாரமான, பத்துச் சென்ரிமீற்றர் சொச்சப் பெட்டி. 400 கிலோமீற்றர் உயரத்தில் அதை வெறுங்கண்ணால் காண முடியாது என்பது மூன்று நாள் கழுத்து நொந்த பிறகுதான் உறைத்தது. நாட்டைப் படம் எடுக்க அதிலும் ஒரு கமரா இருந்ததாம். என் திறந்த வாய் விழுந்திருக்கலாம்.

சரி, பிள்ளை அகப்படாவிட்டால் தாயைப் பிடிப்போம் என்று நிலையத்துக்கு மாறினேன்.

கலியாண வீடுகளில் படம் எடுக்கும் மச்சான் ஸ்டாண்டைத் தந்தான். "இருபது செக்கன் திறந்து வை. அசைக்காத." மாப்பிள்ளை பொம்பிளை என்றால் 'ஒருக்காக் கிறுகிப் பாருங்க' என்று நிறுத்தலாம். இது செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. மட்டக்களப்புக்கு நாம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் தூரம் அதற்கு நாலு செக்கன். நடுவில் ஆள் ஏற்றுவதும் இல்லை.

வாவிக்கரைச் சேற்றில் ஸ்டாண்டின் ஒரு கால் புதைந்தது. ஈரக்காற்றில் லென்ஸ் வேர்த்தது. சாரன் நுனியால் துடைத்தேன். துடைத்த இடமெல்லாம் பால்வெளி. நுளம்புக்கு அன்று விருந்து.

ஏழு மணி தாண்டி வந்தது. நமக்கு இருட்டிவிட்டாலும் அந்த உயரத்தில் இன்னும் வெயில். அது பட்டுத்தான் மினுங்குகிறது. பொத்தானை அமத்தினேன்.

"மனே! மேல பரா லைட் போகுது, நீ என்ன வெளியில நிண்டு பாக்காய்? உள்ளுக்க வா!"

பெத்தா, கையில் டோச்சோடு. சண்டைக் காலத்தில் பரா லைட் எரிந்தால் பின்னாலே ஷெல் வரும். அண்ணாந்து ரசிக்கிறவன் அவவின் கணக்கில் பங்கருக்குள் இறங்கத் தெரியாதவன்.

"பெத்தா, அதுக்குள்ள ஆக்கள் இருக்காங்க. ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா உலகத்தச் சுத்துறாங்க."

"மறுகா ஏன் இறங்காம சுத்துறாங்க?"

என்னிடம் பதில் இல்லை. அதற்குள் நிலையம் பூமியின் நிழலுக்குள் போய் நடுவானில் மங்கியது.

"அணைஞ்சிட்டு," என்றா. கொஞ்சம் காத்திருந்தா. "வெடிக்கல்ல."

படத்தைப் பார்த்தோம். மேல் மூலையில் தலைமயிர் அளவு ஒரு கோடு. கீழே, வளவிலிருந்து கரைவரை, பெருவெளிச்சமாக ஒரு வளைவு நெளிவு.

பெத்தா கண்ணாடியைப் போட்டு மெல்லியதைப் பார்த்தா, மொத்தமானதைப் பார்த்தா.

"எண்ட டோச்சு வடிவா விழுந்திருக்கு. பெரிசாக்கிச் சுவரில மாட்டு மனே."