டீச்சர், மிதக்குது!

ரத்தத்தைப் பற்றிப் பாடம் நடத்துவதில் என்னை மிஞ்ச எங்கள் பள்ளியில் ஆளில்லை. சிவப்பு சாக்பீஸ், நீல சாக்பீஸ் என்று மாற்றி மாற்றி இதயத்தை வரைந்து முடிக்கும்போது கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். பெரியவர்கள் உடம்பில் ஓடுவது ஏறக்குறைய 5 லிட்டர். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். எலும்பு மஜ்ஜை நொடிக்கு 20 லட்சம் சிவப்பணுக்களைச் செய்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. "நான் இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஒரு கோடி!" என்று நிறுத்துவேன். வகுப்பு வாயைப் பிளக்கும். அந்தக் கணக்கு என் உடம்பில் மட்டும் ஒழுங்காக நடக்கவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்றியிருக்க வேண்டும். பத்து 'பி' இரண்டாவது மாடியில். முதல் மாடித் திருப்பத்திலேயே எனக்கு மூச்சு வாங்கும். சும்மா நின்றால் மரியாதையாக இருக்காதே என்று, எதிரே வருகிற பையன் எவனையாவது பிடித்துச் சட்டையை உள்ளே விடச் சொல்வேன். அவன் விட்டு முடிப்பதற்குள் எனக்கு மூச்சு திரும்பிவிடும். ஒழுக்கத்துக்கு நான் எடுத்த பெயரில் பாதி இப்படி வந்தது.

அடுத்தது அரிசி. இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியில் ஒரு கை, டப்பாவில் இருக்கும் பச்சரிசியில் ஒரு கை என்று மென்றுகொண்டே இருப்பேன். "அரிசி தின்னா கல்யாணத்துல மழை வரும்டி" என்று சின்ன வயதில் அம்மா திட்டுவாள். கல்யாணம் முடிந்து பையன் கல்லூரிக்குப் போகிற காலத்தில் எனக்கென்ன பயம்? அரிசி, சாக்பீஸ், மண், ஐஸ் என்று கண்டதன் மேல் நாக்கு போவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்று நான் படித்திருக்கிறேன். பரீட்சைக்குப் படித்தது.

எல்லாவற்றுக்கும் மேலே மாத்திரை விநியோகம். மாணவர்களுக்கு வாரம் ஒருமுறை பள்ளியில் தருகிற இரும்புச்சத்து மாத்திரைக்கு எங்கள் வகுப்பில் நான்தான் பொறுப்பு. விழுங்கியதை நம்பமாட்டேன், "ஆ காட்டு, நாக்கைத் தூக்கு" என்று பார்த்துவிட்டுத்தான் விடுவேன். பிறகு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, சாப்பாட்டு டப்பாவை மூடிய கையோடு ஒரு ஸ்ட்ராங் டீ.

குட்டு வெளிப்பட்டது ஒரு ரத்ததான முகாமில். உரை ஆற்றக் கூப்பிட்டிருந்தார்கள். ஆற்றினேன். கை தட்டினார்கள். அந்த வேகத்தில் "முதல் ஆளா நானே தர்றேன்" என்று மைக்கிலேயே அறிவித்துவிட்டேன். மேசையில் விரலைக் குத்த உட்கார்ந்திருந்தவன் என் பழைய மாணவன். அறிவியலில் நான் பாஸ் போட யோசித்தவன். பக்கத்தில் மயில்துத்தம் கரைத்த நீலநிற நீர். அதன் அடர்த்தியைத் தண்ணீரைப்போல் 1.053 மடங்கு என்று அளந்து வைத்திருப்பார்கள். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12.5 கிராமாவது இருக்கிற ரத்தம் அதில் சட்டென்று மூழ்கும். இல்லாதது தயங்கும், மிதக்கும்.

என் சொட்டு விழுந்தது. பாதி தூரம் இறங்கியது, யோசித்தது, மேலே வந்துவிட்டது.

"டீச்சர், மிதக்குது டீச்சர்."

"நல்லாப் பாருப்பா."

"நீங்க நடத்தின பாடம்தானே டீச்சர்" என்றான். அவன் குரலில் பழிவாங்கல் இல்லை, கரிசனம்தான் இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஜூஸும் பிஸ்கட்டும் தானம் தந்தவர்களுக்கு வைத்தது. மாணவன் என் கையில் திணித்தான். வாங்கிக்கொண்டேன்.

ஆய்வகத்தில் எடுத்துப் பார்த்தபோது 10.4. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இந்தக் கணக்கில் வந்தார்கள். நான் கூட்டத்தோடு கூட்டம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். மாதவிலக்கு எப்படி என்று கேட்டார். "நார்மல்தான்." ஒருநாளைக்கு எத்தனை நாப்கின், எத்தனை நாள் என்று கேட்டார். சொன்னேன். "இதுவா நார்மல்?" என்றார். பல வருஷமாக இப்படித்தான், எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று யாரையும் கேட்காமலே முடிவு செய்திருந்தேன். ஸ்கேனில் கர்ப்பப்பையில் சின்னக் கட்டி. அதற்கும் வைத்தியம் தொடங்கியது. மாதாமாதம் வெளியே போவதை நிறுத்தாமல் உள்ளே ஊற்றிக்கொண்டிருந்தால் எப்படி நிறையும் என்பது வாழ்வியல் கேள்வி இல்லை, உயிரியல் கேள்வி. எனக்கே மதிப்பெண் போகும்.

மாத்திரை எழுதித் தந்தார். மாத்திரைக்கும் டீக்கும் இடையில் இடைவெளி விடச் சொன்னார். டீயிலும் காபியிலும் இருக்கிற பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு, குடல் அதை உறிஞ்ச விடாது. எலுமிச்சை, நெல்லி, கொய்யாவில் இருக்கிற வைட்டமின் சி அதற்கு நேர் எதிர், குடலுக்குள் இரும்பை ஏற்றிவிடும். இதையும் நான் வகுப்பில் சொல்வதுண்டு. மறுநாள் காலை, மாத்திரையை வாயில் போட்டு எதைக் குடித்து விழுங்கினேன் என்று நினைக்கிறீர்கள்? கையில் இருந்ததை. டீயை.

இடையில் பீட்ரூட் வேறு. சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்ல, ரத்தத்தின் சிவப்பு ஹீமோகுளோபினால், பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலைன் என்ற வேறு சாயத்தால் என்று அவருக்கு விளக்கிவிட்டு, இரண்டு டம்ளர் ஜூஸ் குடித்தேன். அடுத்த நாள் சிறுநீர் சிவந்திருப்பதைப் பார்த்து அலறியதும் நானேதான்.

அம்மா ஊரிலிருந்து போன் செய்தாள். "சுவரொட்டி வாங்கி மிளகு தட்டிப்போட்டு வதக்கிச் சாப்பிடு." சுவரொட்டி ஆட்டின் மண்ணீரல். கிழடு தட்டிய சிவப்பணுக்களைப் பிடித்து உடைத்து இரும்பைத் திருப்பித் தருகிற இடங்களில் அதுவும் ஒன்று. மனித உடம்பு இப்படி ஒருநாளில் மீட்கிற இரும்பு 20 மில்லிகிராமுக்கு மேல். சாப்பாட்டிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்வது 1, 2 மில்லிகிராம்தான். மாமிசத்தின் இரும்பைக் கீரையின் இரும்பைவிட உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும் என்பதால் அம்மாவின் வைத்தியத்தில் தப்பில்லை. தப்பு பரிமாறியதில். பையனுக்கு ஒரு கரண்டி, வீட்டுக்காரருக்கு இரண்டு கரண்டி, எனக்குச் சட்டியில் ஒட்டிய மிளகு. யாரும் என்னைக் கடைசியாகச் சாப்பிடச் சொல்லவில்லை. ரத்தம் வேண்டியவள் நான், அதை மற்றவர்களுக்கு வைத்தவளும் நான்.

எப்படியோ எண் 12-ஐத் தொட்டது. மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டேன். எண் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும், அப்போதுதான் உடம்பின் இரும்புக் கையிருப்பு நிரம்பும் என்று டாக்டரம்மா சொன்னது, கதவருகே எழுந்து நின்றபோது சொன்னது. காதில் விழவில்லை, அல்லது விழ விடவில்லை. எண் மறுபடி இறங்கியது.

யோசித்துப் பார்த்தால் ரத்தம் நல்ல பரீட்சை அதிகாரி. நாம் என்ன படித்தோம், மேடையில் என்ன பேசினோம் என்று கேட்பதில்லை. என்ன தின்றோம், எதை இழந்தோம், எப்போது டீ குடித்தோம் என்பதை மட்டும் திருத்துகிறது. ஆனால் கருணையும் உண்டு: நாலு மாதத்துக்குள் பழைய அணுக்கள் எல்லாம் போய்ப் புதியவை வந்துவிடுவதால், வருஷத்துக்கு மூன்று துணைத்தேர்வு. இந்த முறை நான் எழுதுவதாக இருக்கிறேன். மாத்திரை கொய்யாவோடு, டீ இரண்டு மணி நேரம் கழித்து, குழம்பில் முதல் கரண்டி என் தட்டுக்கு. மாத்திரை விழுங்கியதும் பையன் எதிரே நின்று, "ஆ காட்டும்மா, நாக்கைத் தூக்கு" என்கிறான். தூக்குகிறேன்.