கிளம்புவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அப்படியானால் நாலு மணிக்கே கிளம்ப ஆரம்பியுங்கள்.

முதல் தடவை, 'அப்ப நாங்க...' என்று இழுத்தால் போதும். முழுசாகச் சொல்லி முடிக்கக் கூடாது. அத்தையின் பதில் தயாராக இருக்கும்: 'என்ன, கால்ல வெந்நீர ஊத்திக்கிட்டா வந்தே? இரு, காபி போடறேன்.' 'இப்பத்தானே குடிச்சோம்' என்பதை மறுப்பாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. 'அரை டம்ளர் போதும்' என்றுதான் அது அடுக்களையில் போய் விழும். வருவது என்னவோ தளும்பத் தளும்ப முழு டம்ளர்.

தலையாய விதி, 'போறேன்' என்ற சொல் வாயில் வரவே கூடாது. பாகப்பிரிவினைத் தகராறு முற்றி, இனி இந்த வாசல்படி மிதிப்பதில்லை என்று வெளியேறுகிறவர்கூட 'போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைத் தேடுகிறார். கோவைப் பக்கமென்றால் கடைசியில் ஒரு 'ங்க' சேர்த்துக்கொள்ளுங்கள். மறந்து 'போறேன்' என்றீர்களோ, மூன்று மணி நேரமாக யார் பேசியதும் காதில் விழாத பாட்டி ஊஞ்சலிலிருந்து, 'போயிட்டு வரேன்னு சொல்லுடா!' என்பார். எதிர்த்து வாதாட வேண்டாம். இலக்கணமே அவர் கட்சி. செத்தாரைத் துஞ்சினார் என்றும், சுடுகாட்டை நன்காடு என்றும் சொல்வதை மங்கலம் என்று பெயரிட்டு, நன்னூலில் தகுதி வழக்கில் சேர்த்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார் பவணந்தி முனிவர். அதே பாட்டி 'அரிசி நிறைஞ்சிருக்கு' என்றால் சந்தோஷப்பட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இரண்டாம் தடவை எழுந்திருக்கும்போது மாமா சுவரிலுள்ள தினசரிக் காலண்டரை நிமிர்ந்து பார்ப்பார். ஞாயிறு ராகுகாலம் 4.30 முதல் 6 வரை. கிளம்புகிறவனைப் பிடித்து உட்கார வைக்கவே கணித்த நேரம். விஞ்ஞானம் பேசாதீர்கள், பேசினால் பஸ்ஸும் போகும், மாமாவும் போவார். இதற்குப் பெரியவர்களே வழி வைத்திருக்கிறார்கள். நாலரைக்குள் உங்கள் பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் நல்ல நேரத்தில் புறப்பட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் என்று பெயர். பை பயணத்தில் இருக்கும். நீங்கள் கூடத்தில் வாழைக்காய் பஜ்ஜி சாப்பிடலாம்.

அடுத்து, ரூபாய் நோட்டு. மாமா அதை நாலாக மடித்து, உள்ளங்கையில் மறைத்து, உங்கள் பையனின் சட்டைப் பையில் திணிப்பார். 'எதுக்கு மாமா இதெல்லாம்?' என்று நீங்கள் பதற வேண்டும். 'உனக்கா குடுத்தேன்? குழந்தைக்கு' என்பார் அவர். 'வேண்டாம்' என்பதை இரண்டு தடவை சொல்லுங்கள். ஒரு தடவையோடு வாங்கிக்கொண்டால் அலைகிறவர் என்று பேர்; மூன்றாவது தடவை சொன்னால் மனஸ்தாபம். தாம்பூலத்தோடு தரும் ரவிக்கைத் துண்டைப் பிரிக்காதீர்கள். அது இன்னும் பல வீடு போக வேண்டியது.

வாசலுக்கு வந்துவிட்டதால் கிளம்பியாயிற்று என்று நினைப்பது கற்றுக்குட்டித்தனம். உண்மையான விஷயம் கேட்டருகில்தான் ஆரம்பமாகும். காலையிலிருந்து சீரியல், வெயில், உளுந்து விலை என்று பேசிக்கொண்டிருந்த அத்தை, நீங்கள் ஒரு காலைச் செருப்பில் நுழைத்த பிறகுதான் குரலைத் தாழ்த்துவார்: 'அது கிடக்கட்டும், நம்ம பெரியவளுக்கு வரன் பாக்கறோம்ல...' இன்னொரு செருப்பை மாட்டாமலே நில்லுங்கள். பொருத்தம், சம்பளம், சொந்த வீடு எல்லாம் முடிந்து, கடைசியில் 'நீ யார்ட்டயும் சொல்லிக்காதே' என்பது வரும். அதுதான் உங்களுக்கு உத்தரவு.

தெருவில் எதிர்வீட்டுக்காரர் 'எங்கே கிளம்பிட்டீங்க?' என்று கேட்க மாட்டார், விவரம் தெரிந்தவர். 'என்ன, தூரமா?' என்பார். போவது நாகர்கோவிலாகவே இருந்தாலும் 'இங்கதான்' என்று சொல்லி நடையைக் கட்டுங்கள்.

வீடு சேர்ந்ததும் போன் செய்ய மறக்காதீர்கள். இலைபோட்டு ஊட்டாத குறையாக அனுப்பியவரே 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்பார். 'ஆச்சு, அத்தை. சரி, வெச்சிடட்டுமா?' என்று கேளுங்கள்.

'சரிப்பா, வெச்சிடு... அப்புறம்?'