29 மில்லியன் டாலர் குறித்து விளக்கம் கோரி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
மேல்தளக் கடைசி வரிசை ரசிகன்,
பிட்ஸ்பர்க்.

பெறுநர்:
உயர்திரு பாப் நட்டிங் அவர்கள்,
உரிமையாளர், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் கழகம்,
பிஎன்சி பார்க், அலிகேனி ஆற்றங்கரை.

நாள்: பிப்ரவரி 2026

பொருள்: கழகம் திடீரெனப் பணம் செலவழித்தது – ரசிகர்களிடையே பீதி – விளக்கம் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1979-ல் வென்ற வேர்ல்ட் சீரிஸுக்குப் பிறகு ஏதுமில்லை.

ஐயா,

தமிழில் எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தாயிற்று. சென்ற ஆண்டு ஜனவரியில், கழகமே கூட்டிய ரசிகர் விழாவில், "அணியை விற்றுவிடு" என்று கூடி முழங்கினார்கள். ஏப்ரலில் சொந்த ஊரில் முதல் ஆட்டம் நடந்த அன்று அதே வாசகத்தைத் தங்கள் பெயரோடு சேர்த்துப் பதாகையாக்கி, விமானத்தில் கட்டி, மைதானத்தின் தலைக்குமேல் பறக்கவிட்டார்கள். செவிக்கும் எட்டவில்லை, கண்ணுக்கும் எட்டவில்லை. சரி, மொழியில்தான் கோளாறு போலிருக்கிறது.

பேஸ்பாலில் இந்தியனுக்கு என்ன பேச்சு என்று தாங்கள் நினைக்கலாம். நமக்குள் பழைய உறவு உண்டு. 2008-ல், ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் கண்டெடுக்கப்பட்ட ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு உத்தரப் பிரதேசத்து இளைஞர்களை ஒப்பந்தம் செய்தது தங்கள் கழகம்தான். இருவரும் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். அதைப் பற்றி ஹாலிவுட் படமே வந்துவிட்டது. மற்ற அணிகள் பேஸ்பால் ஆடத் தெரிந்தவர்களைத் தேடி அலைந்துகொண்டிருக்க, அப்படியொரு நிபந்தனையே அவசியமில்லை என்று உலகுக்குக் காட்டியவர் தாங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் குளிர்காலத்தில் எங்கள் காதுக்கு வரும் செய்திகள் நல்லபடியாக இல்லை. ரயன் ஓஹார்ன் என்பவருக்கு ஈராண்டுக்கு 29 மில்லியன் டாலர் கொடுத்துவிட்டீர்களாம். பென் செரிங்டன் 2019-ல் பொது மேலாளராக வந்ததிலிருந்து, வெளிச்சந்தையில் ஒருவருக்கு ஓராண்டுக்கு மேல் ஒப்பந்தம் கொடுத்தது இதுதான் முதல்முறை. இதுவரை வந்தவர்கள் பெட்டியை முழுதாகப் பிரிக்காமலே ஓராண்டு ஆடிவிட்டுக் கிளம்புவார்கள். முதுகில் பெயர் பொறித்த ஜெர்சி வாங்குவது வீண் செலவு என்று நாங்களும் சிக்கனம் பழகியிருந்தோம். இது போதாதென்று டாம்பா பே ரேஸிடமிருந்து பிராண்டன் லோ வேறு வந்திருக்கிறார். சென்ற ஆண்டு 31 ஹோம் ரன் அடித்தவர். அதாவது, மட்டையால் பந்தை அடிக்கத் தெரிந்த ஆள். கையெழுத்துப் போட்டபோது தங்களிடம் மூக்குக்கண்ணாடி இருந்ததா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

அதற்கும் முன்னால், 56 ஹோம் ரன் அடித்த கைல் ஷ்வார்பருக்கு நான்கு ஆண்டுக்கு 125 மில்லியன் தருவதாகத் தாங்கள் சொன்னதாகச் செய்தி வந்தது. அதைப் படித்து நான் பதறவில்லை. அவர் பிலடெல்பியாவை விட்டு நகரமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். ஐந்தாண்டு, 150 மில்லியன் என்று அங்கேயே முடித்துக்கொண்டார். வரமாட்டார் என்று தெரிந்த விருந்தாளிக்கு இலை போடுவதில் செலவுமில்லை, பெயருக்குப் பெயரும் ஆயிற்று. ஆனால் ஓஹார்னுக்கு இலை போட்டீர்கள், அவர் வந்து உட்கார்ந்தே விட்டார். இங்கேதான் எங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நாங்கள் ஒரு ஒழுங்குக்குப் பழகியவர்கள், ஐயா. 1992 இறுதியில் பேரி பாண்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போன பிறகு, 1993 முதல் 2012 வரை இருபது பருவம் தொடர்ந்து, வென்றதைவிடத் தோற்றதே அதிகம். வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகள் எதிலும் எந்த அணியும் தொடாத சாதனை அது. முழுப் பெருமையும் தங்களுக்கே என்று சொல்லமாட்டேன், தாங்கள் முதன்மை உரிமையாளரானது 2007-ல்தான். நடுவில் 2013, 2014, 2015 என மூன்று ஆண்டு என்னவோ ஆகி அணி நன்றாக ஆடிவிட்டது. அதைச் சரிசெய்ய 2018 ஜனவரியில் ஆண்ட்ரூ மெக்கட்சனையும் கெரிட் கோலையும் அடுத்தடுத்து அனுப்பிவைத்தீர்கள். அதே ஜூலையில் கிறிஸ் ஆர்ச்சர் என்ற ஒரே ஆளுக்காக டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் மூவரையும் தூக்கிக் கொடுத்தீர்கள். அந்தப் பேரத்தை இன்றும் மற்ற ஊர்க்காரர்கள் எங்களிடம் நினைவூட்டிச் சிரிக்கிறார்கள். நாங்கள் சிரிப்பதில்லை. 2023-ல் 76 வெற்றி, 86 தோல்வி. 2024-ல் 76 வெற்றி, 86 தோல்வி. இப்படி ஒரு நிதானம் எந்த அணியிடம் உண்டு? சென்ற ஆண்டு 12 வெற்றி, 26 தோல்வி என்ற நிலையில், மே மாதத்திலேயே மேனேஜர் டெரெக் ஷெல்டனை நீக்கிவிட்டு டான் கெல்லியைப் போட்டீர்கள். 71-க்கு 91 என்று முடித்தோம்.

அந்த 2025-ன் மட்டைக் கணக்கைச் சற்று ரசித்துச் சொல்ல அனுமதி வேண்டும். 162 ஆட்டத்தில் அணி முழுவதும் சேர்ந்து அடித்த ஹோம் ரன் 117. முப்பது அணிகளில் கடைசி. சியாட்டிலில் கால் ராலி என்ற ஒற்றை மனிதர், முழங்கால் மடித்து உட்கார்ந்து பந்து பிடிக்கும் வேலையையும் பார்த்துக்கொண்டு, 60 அடித்தார். எங்கள் ஓனீல் க்ரூஸ் மணிக்கு 122.9 மைல் வேகத்தில் ஒரு பந்தை விளாசினார். வேகத்தை அளக்கும் கருவி வந்த காலத்திலிருந்து எவரும் அவ்வளவு பலமாக அடித்ததில்லை. அந்த ஒரு பந்தை அடித்த கையோடு மற்ற பந்துகளையும் கொஞ்சம் தொட்டிருக்கலாம்.

இதற்கெல்லாம் நடுவில் பால் ஸ்கீன்ஸ்.

இவரைப் பற்றித் தங்களுக்கு யாரும் சொன்னார்களோ என்னவோ. பிட்சர், மீசைக்காரர். 2023-ல் புதிய ஆட்டக்காரர்களுக்கான தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாக எடுத்தீர்கள். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுக்கும் ரன் சராசரி 2024-ல் 1.96, 2025-ல் 1.97. மூன்று வந்தாலே ஊர்வலம் விடும் தொழில் இது. முதல் ஆண்டு சிறந்த புதுமுகம், இரண்டாம் ஆண்டு சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, ஒருமனதாக. அந்த விருது ஆண்டில் அவருடைய வெற்றி தோல்விக் கணக்கு என்ன தெரியுமா? பத்துக்குப் பத்து. உலகத்தின் சிறந்த பிட்சரையும் சராசரி மனிதனாக்கிக் காட்ட முடியும் என்றால் அது எங்கள் மட்டையாளர்களால்தான் முடியும்.

அவருக்கு 2025-ல் சம்பளம் 8,75,000 டாலர். அதே மார்ச் மாதம் அவருடைய முதல் ஆட்டச் சட்டைத் துண்டு பதித்த ஒரு சேகரிப்பு அட்டை ஏலத்தில் 11 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. ஆளைவிட அட்டைக்கு விலை அதிகம். அந்த அட்டை லாஸ் ஏஞ்சலஸில் பதினொரு வயதுப் பையன் ஒருவன் கையில் கிடைத்தபோது, அதைக் கொடுத்தால் முப்பது ஆண்டுக்குப் பருவச்சீட்டு இரண்டு தருவதாகக் கழகம் ஆசை காட்டியது. முப்பது ஆண்டு! தண்டனைச் சட்டத்தில்கூட இவ்வளவு நீளமாக யோசிக்கமாட்டார்கள். பையன் மறுத்துவிட்டான். விவரமான குடும்பம்.

இன்னொன்றையும் பாராட்டியாக வேண்டும். 2024 பருவம் தொடங்கியபோது ஸ்கீன்ஸை இண்டியானாபொலிஸ் கிளை அணியில் வைத்திருந்து, மே 11-ல்தான் இறக்கினீர்கள். பக்குவப்படுத்துகிறோம் என்றார்கள், நம்பினோம். நம்புவதுதானே எங்கள் பிழைப்பு. தாமதமாக இறங்கும் புதியவருக்குப் பணிக்காலம் ஓராண்டு முழுதாகச் சேராது, கழகத்தின் பிடியில் இன்னொரு ஆண்டு இருப்பார் என்பதெல்லாம் தற்செயலாக அமையும் நன்மை. ஆனால் புதுமுக விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வருபவருக்கு முழு ஆண்டும் கணக்காகும் என்று ஆட்டக்காரர்களுடனான 2022 பொது ஒப்பந்தத்தில் ஒரு விதி எழுதிவைத்திருக்கிறார்கள். மனிதர் முதலிடம். அந்த ஓராண்டும் மிஞ்சவில்லை. முதல் நாளே இறக்கியிருந்தால் அந்த விருதுக்காகக் கழகத்துக்குக் கிடைத்திருக்கும் கூடுதல் தேர்வு வாய்ப்பும் போயிற்று. 2029 பருவம் முடிந்ததும் அவர் சுதந்திர மனிதர்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இண்டியானாபொலிஸ் போகும் சாலையில் இப்போது இன்னொரு பையன் நிற்கிறான். கானர் கிரிஃபின். வயது பத்தொன்பது. சென்ற ஆண்டு கிளை அணிகளில் 21 ஹோம் ரன், 65 தளத் திருட்டு, மட்டைச் சராசரி .333. நாட்டின் வளரும் ஆட்டக்காரர்களில் முதல்வன் என்கிறார்கள். பிராடென்டன் பயிற்சி முகாமில் அவன் மட்டை சுழற்றும் படங்களைப் பார்த்து எங்கள் ஊரில் வளர்ந்த ஆண்கள் கண் கலங்குகிறார்கள். அவனையும் பக்குவப்படுத்தப் போகிறீர்களா, அல்லது ஆடவிடப் போகிறீர்களா? ஒரே வரியில் பதில் போதும். தங்கள் எழுதுபொருள் செலவைக் கூட்ட நான் விரும்பவில்லை.

பணம் பற்றி நேராகக் கேட்பது மரியாதையில்லை, சுற்றிவளைத்தே கேட்கிறேன். இந்த விளையாட்டில் ஒவ்வொரு அணியும் உள்ளூர் வருமானத்தில் 48 விழுக்காட்டைப் பொதுவில் போட, அதை முப்பது அணிகளுக்கும் சமமாகப் பங்கிடுகிறார்கள். நியூயார்க்காரரும் லாஸ் ஏஞ்சலஸ்காரரும் போடுவதில் ஒரு பங்கு ஆண்டுதோறும் நம் ஊர் வந்து சேருகிறது. அந்தப் பணம் அணிக்குச் செலவாகிறதா என்று 2018-ல் ஆட்டக்காரர் சங்கமே நான்கு கழகங்கள் மீது புகார் கொடுத்தது. நால்வரில் நாமும் ஒருவர். வான் சோட்டோவுக்கு நியூயார்க் மெட்ஸ் 765 மில்லியன் கொடுத்தது. நம் கழக வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம் பிரயன் ரெனால்ட்ஸின் 106.75 மில்லியன். சோட்டோவைப் போல ஒருவரைக் கொண்டுவாருங்கள் என்று கேட்கும் அளவுக்கு எனக்குப் புத்தி மாறவில்லை. சின்ன ஊர், சின்னச் சந்தை என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் மில்வாக்கி நம்மைவிடச் சின்னச் சந்தை. நம் பிரிவிலேயே இருந்துகொண்டு சென்ற ஆண்டு 97 ஆட்டம் வென்றது. அவர்கள் ஊர்க் குடிநீரில் என்ன கலக்கிறார்கள் என்று ஆள் அனுப்பி விசாரிக்கலாம். போக்குவரத்துப் படியை நாங்கள் வசூலித்துத் தருகிறோம்.

மைதானத்தின் வலப்பக்கச் சுவர் பற்றியும் ஒரு சொல். அது 21 அடி உயரம். எங்கள் பழைய ஆட்டக்காரர் ரொபெர்ட்டோ கிளெமென்டேயின் சட்டை எண் என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். சரியாக 3,000 ஹிட்களோடு நின்று, 1972-ன் கடைசி நாள், நிலநடுக்கத்தில் வாடிய நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்த மனிதர். அவர் எண்ணைத் தாங்கிய சின்னத்தை எடுத்துவிட்டு, சென்ற ஏப்ரலில் அந்த இடத்தில் டப்பா மது விளம்பரம் வைத்தது கழகம். குடும்பத்தார் மனம் நொந்து பேசிய பிறகு திரும்ப வைத்தார்கள். அதே மாதம், மைதானம் கட்டியபோது ரசிகர்கள் பணம் கொடுத்துத் தங்கள் பெற்றோர் பெயரையெல்லாம் பொறித்துப் பதித்த செங்கற்கள் ஒரு மறுசுழற்சிக் கிடங்கில் குவிந்து கிடந்தன. இதற்கு என்னிடம் பகடி இல்லை. அடுத்த பத்திக்குப் போகிறேன்.

அந்தச் சுவர் இருக்கும் பக்கம் தூரம் குறைவு, 320 அடிதான். இடப்பக்கம் நீண்டுகொண்டே போகும். எனவே இந்த மைதானம் இடக்கை மட்டையாளருக்கென்றே கட்டியதுபோல இருக்கும். இப்போது லோ இடக்கை, ஓஹார்ன் இடக்கை, க்ரூஸ் இடக்கை, ஸ்பென்சர் ஹார்விட்ஸும் இடக்கை. யாரோ ஒருவர் சொந்த மைதானத்தை ஒருமுறை அளந்து பார்த்திருக்கிறார். இந்த மைதானம் திறந்து கால் நூற்றாண்டு ஆகிறது. அளந்தவர் யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள். சால்வை போர்த்த வேண்டும். வேலையைவிட்டு அனுப்பிவிடாதீர்கள்.

பந்துவீச்சில் குறை சொல்ல ஏதுமில்லை. ஸ்கீன்ஸ், மிட்ச் கெல்லர், பப்பா சாண்ட்லர் மூவருமே போதும், எதிரணிக்குத் தூக்கம் கெட. ஆட்டத்துக்கு நான்கு ரன் எடுத்துக் கொடுத்தால் இந்த அணி 85 வெல்லும் என்று என் கணக்கு சொல்கிறது. 85 வந்தால் அக்டோபர் இறுதிச் சுற்றுகளில் ஆட்டம் இருந்தாலும் இருக்கும். இருந்தால் கோட்டு எடுத்துவைக்க வேண்டும், விடுப்பு கேட்க வேண்டும். அக்டோபரில் பேஸ்பால் பார்த்துப் பத்தாண்டு ஆகிவிட்ட உடம்புகள் எங்களுடையவை. அதனால்தான் முன்கூட்டியே எழுத்தில் கேட்கிறேன்: இந்த ஆண்டு நம்பிக்கை வைக்கலாமா, கூடாதா? வைக்கலாம் என்றால் எந்த மாதம் வரை? ஆட்டக்காரர்களைக் கைமாற்றும் பேரச் சந்தை மூடும் நாளுக்கு முன்பே எடுத்துவிட வேண்டுமா?

ஆட்டக்காரர்களுடனான பொது ஒப்பந்தம் வரும் டிசம்பர் 1-ல் முடிகிறது, கதவடைப்பு வரலாம் என்கிறார்கள். 2027-ல் ஆட்டமே இல்லாமல் போனால் நாம் யாரிடமும் தோற்கமாட்டோம் என்பதைத் தாங்கள் ஏற்கெனவே கணக்கில் எடுத்திருப்பீர்கள்.

பதிலை எதிர்நோக்கி,
தங்கள் உண்மையுள்ள,
மேல்தளக் கடைசி வரிசை ரசிகன்.

நகல்:
1. திரு. பென் செரிங்டன், பொது மேலாளர் – தகவலுக்காக.
2. நியூயார்க் யாங்கீஸ் நிர்வாகம் – நம் கெரிட் கோலை 324 மில்லியனுக்கு வாங்கிய கோப்புடன் சேர்த்து வைத்து, 2029 இறுதியில் மேல்நடவடிக்கைக்காக.